தூரத்தை வகுத்தால் பயண நேரம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு–சென்னை விமானத் தூரம் சுமார் 270 கி.மீ., ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 840 கி.மீ., ஆகவே இருபதே நிமிடம் என்ற கணக்கு பயணக் குறிப்புகளில் அடிக்கடி அச்சாகிறது. இதை நம்பிச் சென்னையில் அடுத்த விமானத்தை நெருக்கிப் பிடித்து டிக்கெட் எடுப்பவர்கள் கைக்காசை இழக்கிறார்கள்.

270 என்பது இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய கோடு. ஆனால் 840 என்ற வேகம் முப்பதாயிரம் அடிக்கு மேலே கிடைப்பது. பெங்களூரு விமான நிலையம் உள்ள தேவனஹள்ளிக்கும், சென்னை விமான நிலையம் உள்ள மீனம்பாக்கத்துக்கும் நடுவே அவ்வளவு உயரம் ஏறி இறங்க இடமில்லை. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் மனக்கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 24,000 அடி வரை மட்டும் ஏறினாலும், அங்கிருந்து இறங்க 72 கடல் மைல், அதாவது 133 கி.மீ. வேண்டும். பாதி வழி இறங்குவதிலேயே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதி ஏறுவதற்கு. 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல், அதாவது சுமார் 463 கி.மீ.) வேகத்தைத் தாண்டவும் கூடாது. மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம் இந்தத் தடத்தில் ஜெட்டைவிட அதிகம் பின்தங்காததற்கு இதுவே காரணம்.

அடுத்தது காற்று. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். பெங்களூரு ரன்வேக்கள் இரண்டும் கிழக்கு மேற்காக இருக்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்றில் மேற்கு நோக்கிக் கிளம்பி, பிறகு வளைந்து கிழக்கே திரும்ப வேண்டும். சென்னையிலும் மேற்கிலிருந்து காற்று வீசும் காலை வேளையில் விமானம் ஊரைக் கடந்து கடல் பக்கம் போய்த் திரும்பி இறங்கும். இரண்டு முனையிலும் சுற்று! அதே காலையில் சென்னையிலிருந்து வரும் விமானம் நேராக ஏறி, நேராக இறங்கிவிடும். பிற்பகலில் கடற்காற்று வந்தால் சென்னையில் திசை மாறும். போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இல்லையே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

டிக்கெட்டில் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ போட்டிருப்பது விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, சென்னையில் போய் நிற்கும்வரை. ரன்வே வரை ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும் இதற்குள் அடக்கம்.

வீட்டிலிருந்து கணக்கிட்டால் நிலைமையே வேறு. உள்நாட்டு விமானங்களுக்கு லக்கேஜ் கவுண்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடப்படும். போர்டிங் கேட் 25 நிமிடம் முன்பு. அல்சூரிலிருந்து தேவனஹள்ளிக்கு முப்பது கி.மீ.க்கு மேல், ஹெப்பால் மேம்பாலத்தில் மாலை நெரிசல் வேறு. எல்லாம் கூட்டினால் நாலரை, ஐந்து மணி நேரம். வந்தே பாரத் ரயிலும் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. பெங்களூருவிலிருந்து மதுரைக்கு என்றால் விமானத்தில் நிச்சயம் நேரம் மிச்சமாகும். ரயிலில், வந்தே பாரத்துக்கே சுமார் எட்டு மணி நேரம் ஆகும்.

ஆகவே தூரத்தை வெளியிடும்போது, டிக்கெட்டில் உள்ள நேரத்தையும் கவுண்டர் மூடும் நேரத்தையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறோம். தனித்தனி டிக்கெட்டில் சென்னையில் விமானம் மாறுபவர்கள் லக்கேஜை வெளியே எடுத்து மறுபடி கவுண்டரில் போட வேண்டும். நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

இப்படிக்கு,
வாசகர்கள், அல்சூர், பெங்களூரு