கௌரியம்மாவ விட்டுட்டீங்களே

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை பெண் மந்திரிகள் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கேரளா கே.ஆர்.கௌரியம்மா பேரு ஒரு வரில கூட இல்லையே சார். 1957-ல கேரள முதல்வர் இ.எம்.எஸ். மந்திரிசபைல ஒரே பொம்பள அவங்கதான், அதுவும் ரெவின்யூ மந்திரி, பதவிக்கு வந்து ஒரு வாரத்துக்குள்ள குத்தகைக்காரங்கள நிலத்த விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு அவசரச் சட்டம் வந்துடுச்சு. 1964-ல அவங்க இருந்த கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டா உடைஞ்சப்போ புருஷன் டி.வி.தாமஸ் ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம். 1987-ல இவங்கதான் முதல்வர்னு பேச்சு அடிபட்டுச்சு, நாற்காலி என்னவோ நாயனாருக்குப் போச்சு. 1994-ல கட்சிய விட்டே நீக்குனாங்க, அம்மா அசரல, தனிக்கட்சி ஆரம்பிச்சு 2001-ல ஆண்டனி மந்திரிசபைல விவசாய மந்திரியா வந்து உக்காந்தாங்க (வீம்புன்னா இதான்). அடுத்த வாரமாவது ஒரு போட்டோ போடுங்க சார்.

- ஒரு வாசகி, நாகர்கோவில்