பள்ளிப் பிள்ளையின் நெற்றியில் மூளைப்பட்டை வேண்டாம்: மின்னணு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம்,
புது தில்லி.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். 2025 நவம்பரில் உங்கள் அமைச்சகம் அறிவிக்கை செய்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளில், பிள்ளைகளின் தரவு விஷயத்தில் யார் யாருக்கு விலக்கு என்று சொல்லும் நான்காம் அட்டவணையைப் பற்றித்தான் இந்த மடல். மனத்தைப் படிக்கும் கருவிக்கும் அந்த அட்டவணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதற்கு முன், இந்தக் கருவிகள் இன்று எந்த அளவில் இருக்கின்றன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் இதைப் பற்றி இருக்கும் பயத்தில் பாதி தேவையில்லாதது. மீதிப் பாதிக்கு இருக்கிற பயம் போதாது.

கனடாவில் ஆன் என்று ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். 30 வயதில் பக்கவாதம் வந்து பேச்சு மொத்தமும் போய்விட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் எட்வர்ட் சாங் குழுவினர் அவருடைய மூளையின் மேற்பரப்பில் 253 மின்முனைகள் கொண்ட, காகிதம் போல் மெல்லிய தகடு ஒன்றை வைத்தார்கள். அவர் பேச முயலும்போது உதட்டுக்கும் நாக்குக்கும் போகவேண்டிய கட்டளைகளைக் கணினி பிடித்துச் சொற்களாக்கியது. நிமிடத்துக்கு 78 சொற்கள். அவர் அதுவரை பயன்படுத்திய கருவியில் 14 சொற்களுக்கு மேல் முடியாது. திரையில் ஒரு முகம் அவருக்காகப் பேசியது; அந்தக் குரலை அவருடைய கல்யாண வீடியோவிலிருந்து எடுத்திருந்தார்கள். இது 2023இல் நடந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. நம் ஊரிலும் எத்தனையோ வீடுகளில் பக்கவாதம் வந்தவர்கள் கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இது வரவேண்டும், தமிழிலும் வரவேண்டும்.

சரி, தெருவில் போகிறவனின் எண்ணத்தை யாரோ தூரத்திலிருந்து படித்துவிடுவார்களா? மாட்டார்கள். அதே 2023இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஹூத், ஜெர்ரி டாங் இருவரும் அறுவை சிகிச்சையே இல்லாமல், மூளையின் ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வழியாக, ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தை வாக்கியமாக எழுதிக் காட்டினார்கள். ஆனால் அதற்கு அந்த ஆள் பதினாறு மணி நேரம் ஸ்கேன் குழாய்க்குள் படுத்துக் கதை கேட்டிருக்க வேண்டும். ஒருவர் மூளையில் பழகிய நிரல் இன்னொருவரிடம் வேலை செய்யவில்லை. ஏழு ஏழாக எண்ணினாலோ மனசுக்குள் விலங்குகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாலோ கருவி தடுமாறியது. பயத்தில் பாதி தேவையில்லாதது என்று சொன்னது இதனால்தான்.

இருந்தாலும் எல்லைக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2025இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூளைக்குள் மின்முனை பொருத்திய நான்கு பேரிடம், உதட்டை அசைக்க முயலாமல் மனசுக்குள் மட்டும் சொல்லிப் பார்க்கும் பேச்சைப் படிக்க முயன்றார்கள். 74 சதவீதம் வரை சரியாக வந்தது. அதில் என் கண்ணில் பட்டது இன்னொரு பகுதி. திரையில் தெரியும் இளஞ்சிவப்பு வட்டங்களை எண்ணச் சொன்னார்கள். மனசுக்குள் சொல்லிக்கொண்டே எண்ணுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவர்கள் எண்ணிய எண்களின் சுவடு கருவியில் விழுந்தது. கேட்காத பேச்சும் காதில் விழுகிறது என்று தெரிந்ததும் அந்த ஆய்வாளர்களே அதற்கொரு பூட்டுப் போட்டார்கள்: யாரும் தற்செயலாக நினைக்காத ஒரு சொற்றொடரை மனசுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். இந்த யோசனையை எந்தச் சட்டமும் சொல்லித்தரவில்லை. ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இருக்கிற அந்தக் கூச்சம் விற்பனைக்காரர்களுக்கும் இருக்குமா என்பதுதான் என் கவலை.

கடைக்கு வந்துகொண்டிருப்பது இந்த மின்முனைத் தகடு இல்லை. தலையில் மாட்டும் ஒரு பட்டை. 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்தாரே, அதே ஈ.ஈ.ஜி. நுட்பம்தான், ப்ளூடூத்தோடு. எண்ணத்தைப் படிப்பதாக அது சொல்லிக்கொள்ளாது. ‘கவனம்’, ‘பதற்றம்’, ‘தூக்கக் கலக்கம்’ என்று மதிப்பெண் போடும். மண்டையோட்டைத் தாண்டி வரும் அந்த மின்சாரம் மைக்ரோவோல்ட் கணக்கு. கண்ணைச் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், நெற்றி வியர்த்தால் அளவு மாறிப்போகும். கண்ணை மூடினாலே, ஓய்வின்போது தெரியும் ஆல்ஃபா அலை எகிறும் என்று பெர்கரே எழுதிவைத்திருக்கிறார். கண்ணை மூடிக் கணக்கை யோசிக்கும் பிள்ளை கருவிக்கு ஓய்வெடுப்பது போலத் தெரியலாம்.

அரைகுறைக் கருவிதானே, போகட்டும் என்று விட்டுவிட முடியாது. 2012இலேயே ஒரு ஆய்வுக் குழு, விளையாட்டுக்காக விற்ற மலிவான தலைப்பட்டையை மாட்டிவிட்டு, திரையில் வங்கிகளின் படங்களையும் எண்களையும் காட்டிப் பார்த்தது. தெரிந்த ஒன்றைப் பார்த்துச் சுமார் 300 மில்லிவினாடி கழித்து மூளையில் ஒரு சின்னத் துள்ளல் எழும், பி300 என்பார்கள். அதை வைத்தே அவருடைய வங்கி எது, ரகசிய எண்ணின் முதல் இலக்கம் என்ன என்ற ஊகத்தில் இருந்த நிச்சயமின்மை 15 முதல் 40 சதவீதம் வரை குறைந்தது. 2024இல், மூளைத் தரவின் உரிமைகளுக்காக இயங்கும் நியூரோரைட்ஸ் ஃபவுண்டேஷன் இத்தகைய பொருள்களை விற்கும் 30 நிறுவனங்களின் விதிமுறைகளைப் படித்துப் பார்த்தபோது, 29 நிறுவனங்கள் வாடிக்கையாளரின் மூளைத் தரவைப் பெரிய வரம்பு ஏதுமில்லாமல் கையாளும் உரிமையைத் தமக்கே எழுதிவைத்துக்கொண்டிருந்தன.

இப்போது சீனாவுக்கு வருகிறேன். ஜெஜியாங் மாகாணத்தின் ஜின்ஹுவாவில் ஒரு தொடக்கப் பள்ளி. 2019இல் அங்கே பிள்ளைகள் வகுப்பில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நெற்றியில் ஒரு மின்முனை, காதுகளுக்குப் பின்னால் இரண்டு. நெற்றி விளக்கு சிவப்பாக எரிந்தால் ஆழ்ந்த கவனம். நீலம் என்றால் கவனச் சிதறல். வெள்ளை என்றால் இணைப்பு இல்லை. டீச்சரின் திரைக்கு ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் போகும், பெற்றோருக்கும் அறிக்கை போகும். கூச்சல் எழுந்ததும் அந்தப் பட்டையை நிறுத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே காக்கையைப் பார்ப்பதற்குக்கூட விளக்கு எரியும் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? சிவப்பு விளக்கை எரியவைக்கக் கற்றுக்கொள்ளும். வேறொன்றும் இல்லை.

நம் நாட்டில் அப்படி நடக்காது என்று உங்களால் சொல்ல முடியுமா? இந்த விதிகளுக்கு அடிப்படையான, 2023இல் வந்த உங்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு நல்ல பிரிவு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரின் தரவைத் தொடப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளையைப் பின்தொடரக் கூடாது, நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது. அப்புறம் விதிகளின் நான்காம் அட்டவணை வருகிறது. கல்வி நிறுவனம், கல்விச் செயல்பாட்டுக்காகவோ பிள்ளையின் பாதுகாப்புக்காகவோ செய்தால் பின்தொடரலாம், கண்காணிக்கலாம். பெற்றோர் ஒப்புதல்கூட வேண்டாம். வருகைப் பதிவையும் பள்ளிப் பேருந்தையும் மனத்தில் வைத்து எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் கவனத்தை அளக்கும் பட்டையை விட ‘கல்விச் செயல்பாடு’ வேறு எது என்று ஒரு வக்கீல் கேட்டால் பதில் இருக்கிறதா? நீட் பயிற்சிக்காகப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டு, மாதாந்தர ரேங்க் பட்டியலுக்குக் காத்திருக்கும் பெற்றோர் இந்த மாநிலத்தில் குறைவில்லை. அவர்களிடம் ‘உங்கள் பையனின் கவன மதிப்பெண் இனி தினமும் வாட்ஸ்அப்பில்’ என்று ஒரு நிறுவனம் வந்து நின்றால், அதை வாங்க வேண்டாம் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? நானும் ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளையின் அப்பாதான், எனக்கே சபலம் வரலாம். எனக்கு வரும் சபலத்திலிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் சட்டம்.

அலுவலகக் கதையும் கிட்டத்தட்ட இதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள விடுகிறது. இரவு லாரி ஓட்டுபவரின் தூக்கத்தை அளக்கிறோம் என்று தொடங்குவதை, கால் சென்டர் ஊழியரின் சலிப்பை அளப்பதில் கொண்டுபோய் நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும்.

காவல் நிலையக் கதை மட்டும் எதிர்காலம் இல்லை, நடந்து முடிந்தது. அதுவும் உலகத்திலேயே முதலில் நம் நாட்டில். 2008இல் புனேவில், பழைய காதலனைப் பிரசாதத்தில் ஆர்செனிக் கலந்து கொன்றார் என்று ஒரு எம்.பி.ஏ. மாணவிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவர் தலையில் 32 மின்முனைகளைப் பொருத்தி, கண்ணை மூடி உட்காரவைத்து, போலீஸ் தரப்புக் கதையை அவரே சொல்வது போல வரி வரியாக வாசித்தார்கள். ‘நான் ஆர்செனிக் வாங்கினேன்.’ நடுவில், ஒப்பிட்டுப் பார்க்க, ‘வானம் நீலமாக இருக்கிறது’ என்று ஒரு வரி. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆர்செனிக் வரியில் அவர் மூளை ‘அனுபவித்த நினைவை’ காட்டியது என்று கருவி சொன்னது. தீர்ப்பில் அதுவும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மாதக்கணக்கில் விசாரணையில் அதே வரிகளைக் கேட்டுக்கேட்டு வந்த மூளை, அவற்றை வானத்தின் நிறத்தைப் போலச் சும்மா கேட்டுவிட்டுப் போகுமா? பி.இ.ஓ.எஸ். என்ற இந்த முறையை உருவாக்கியவர் பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் பணியாற்றிய பேராசிரியர் முகுந்தன். அதே நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையில் அமைந்த குழு அதை ஆராய்ந்துவிட்டு, இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றது. அந்தப் பெண் சோதனைக்குச் சம்மதித்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொலை வழக்கில் மாட்டிக்கொண்டவர் சம்மதிக்காமல் என்ன செய்வார்? மறுத்தால் அதுவே சந்தேகம் ஆகிவிடும்.

உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி வழக்கில், நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனை எதையும் ஒருவர் மீது வலுக்கட்டாயமாக நடத்தக் கூடாது, அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிற, தனிமனித சுதந்திரத்தைக் காக்கிற அரசியல் சட்டத்தின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. மனசுக்குள் இருப்பதை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் உரிமை என்ற நிலைப்பாட்டை, 2017இல், தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி தீர்ப்பு வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த நாடு இது. பெருமைப்படலாம். ஆனால் தானாக முன்வருபவருக்கு நடத்தலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. 2020இல் உத்தரப் பிரதேசத்தின் ஹத்ராஸ் வழக்கில்கூடக் குற்றம்சாட்டப்பட்டவர்களை சி.பி.ஐ. குஜராத்தின் காந்திநகருக்குக் கூட்டிப்போய் அதே பி.இ.ஓ.எஸ். சோதனையைச் செய்தது. உங்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவோ குற்றப் புலனாய்வுக்குப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது.

உண்மையைத் துல்லியமாகப் படிக்கும் கருவியைக் கண்டு எல்லோரும் நடுங்குகிறார்கள். எனக்கு அதைவிட, தப்பாகப் படித்துவிட்டு அதிகாரத்தில் இருப்பவரின் நம்பிக்கையைப் பெற்றுவிடும் கருவிதான் பெரிய பயம். முதலாவது இன்னும் ஆய்வகத்தில், மருத்துவர்கள் நடுவில் இருக்கிறது. இரண்டாவது விற்பனைக்குத் தயார்.

மற்ற நாடுகள் சும்மா இல்லை. சிலி 2021இல் அரசியல் சட்டத்தையே திருத்தி மூளைச் செயல்பாட்டுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் கிதோ கிரார்டியின் மூளைத் தரவை அழிக்கச் சொல்லி, மூளை அலைப் பட்டைகளை விற்கும் எமோடிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. கொலராடோவும் கலிஃபோர்னியாவும் 2024இல் நரம்புத் தரவைத் தங்கள் தனியுரிமைச் சட்டத்துக்குள் தனியாகச் சேர்த்துவிட்டன. நாமோ எதிர்ப்பக்கம் போகிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளில் உடல், மன நலத் தகவல்கள் ‘உணர்திறன் மிக்க தரவு’ என்ற தனிப் பட்டியலில் இருந்தன. 2023 சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. புதுச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும் நாளில் பழைய பட்டியலுக்கு ஆதாரமான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் போய்விடும். அன்று முதல் என் மூளை அலையும் என் மின்னஞ்சல் முகவரியும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நான்காம் அட்டவணையில், கல்வி நிறுவனத்துக்கான விலக்கு மூளை, நரம்புச் சமிக்ஞைகளுக்குப் பொருந்தாது என்று ஒரே ஒரு வரி சேருங்கள். விதியைத்தான் திருத்துகிறீர்கள், சட்டத் திருத்த மசோதா தேவையில்லை. மருத்துவமனைக்கான விலக்கு அப்படியே இருக்கட்டும். வலிப்பு வந்த குழந்தைக்கு ஈ.ஈ.ஜி. எடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. தரவின் அளவையும் உணர்திறனையும் பார்த்து ஒரு வகை நிறுவனங்களைத் தனியாக அறிவிக்க 10ஆம் பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது. மூளைத் தரவைச் சேர்க்கும் நிறுவனம் சிறிதோ பெரிதோ, அந்த வகையில் கொண்டுவந்துவிடுங்கள். தணிக்கையும் பாதிப்பு மதிப்பீடும் கட்டாயமாகிவிடும். 7ஆம் பிரிவைத் தொட நாடாளுமன்றம் போகவேண்டும் என்று தெரியும். அதைக் கேட்கும் மடலை என் தொகுதி எம்.பி.க்கு அனுப்பியிருக்கிறேன். பி.இ.ஓ.எஸ். விஷயம் உள்துறைக்குப் போகவேண்டியது. ஆனால் தரவுப் பாதுகாப்பு உங்கள் துறை என்பதால், விசாரணையில் எடுத்த மூளைப் பதிவுகள் இப்போது எங்கே, எத்தனை ஆண்டுகளாக இருக்கின்றன என்று அவர்களிடம் எழுதிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

விதிகள் முழுதாக நடைமுறைக்கு வர, அறிவிக்கை செய்த நாளிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம் வைத்திருக்கிறீர்கள். ஒரு வரி சேர்க்க அது தாராளம். இன்னொன்று: நிறுவனங்கள் ஒப்புதல் கேட்கும்போது எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் படிக்கும் வசதி தரவேண்டும் என்று 5ஆம் பிரிவில் எழுதியிருக்கிறீர்கள். திருத்த வரைவை மக்கள் கருத்துக்கு வைக்கும்போது நீங்களும் அதையே செய்து, தமிழிலும் வெளியிட்டால் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் எல்லோரும் படித்துவிட்டுப் பதில் எழுத வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா,
சேலம்.