செயின் கண்ணி வெட்ட முதல் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்துச் சைக்கிளுக்கு மேடு பள்ளம் இல்லை, காற்றுத்தான் மேடு. சோழகக் காற்றுக்கு எதிராகப் பண்ணைப் பாலத்தால் போகிறவர்களுக்கும், பின் கரியரில் ஆளை ஏற்றி எழும்பி நின்று உழக்குகிறவர்களுக்கும்தான் செயின் அதிகம் கழருகிறது. திருத்தக் கொடுத்தால் பல இடங்களில் பார்த்த பார்வையிலேயே ஒரு கண்ணியை வெட்டி விடுகிறார்கள். காரணம் வேறாக இருந்தால் திரும்பவும் கழரும்.

கழருவது வேறு, துள்ளுவது வேறு. செயின் பல்லிலேயே இருக்க, பெடல் மட்டும் 'டக்' என்று விழுந்தால் அது தேய்மானம். செயினை இழுத்துப் பிடித்து, கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவில் அடிமட்டத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு வரும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்றும் காலம். 1/8 தள்ளிப் போயிருந்தால் பிறீவீலின், அதாவது பின் சில்லுப் பல்லுச்சக்கரத்தின், பல்லும் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினை மட்டும் போட்டால் இன்னும் மோசமாகத் துள்ளும்.

கழருகிற செயினுக்கு முதலில் தொய்வைப் பாருங்கள். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுப் பெடலை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொய்யும். இறுகும் இடத்தில், செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக மொத்தம் அரை அங்குலம் ஆட வேண்டும். தொய்ந்த இடத்தை வைத்து இறுக்கினால் மற்ற இடத்தில் பெடல் பிடிக்கும்.

பின் அச்சைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கிய சில நாளில் மறுபடி தொய்ந்தால் பின் சில்லின் வலப்பக்க நட்டைச் சந்தேகியுங்கள். செயினின் இழுவை முழுவதும் அந்தப் பக்கம்தான். நட்டின் புரி தேய்ந்திருந்தாலோ வாசர் வழுவழுப்பாகி விட்டாலோ, அழுத்தி உழக்கும்போது அச்சு முன்னுக்கு நழுவும். சில்லு சரிந்து, ரயர் இடப்பக்கச் சட்டத்தில் உரசிய தடம் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். நட்டையும் வாசரையும் மாற்றுங்கள், செலவு சொற்பம்.

அதுவும் சரியென்றால் பின்னால் குனிந்து பாருங்கள். முன் பல்லுச்சக்கரமும் பிறீவீலும் ஒரே நேரில் நிற்க வேண்டும், சக்கரம் நெளிந்து ஓடக்கூடாது. பெடல் பூட்டிய கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளும்போது ஆட்டம் தெரிந்தால் கிராங்கை அச்சோடு பூட்டும் கொட்டர் பின்னோ, நடு அச்சின் போல்ஸ் உருளும் கப்போ தளர்ந்திருக்கிறது. மிதிக்கிற பாரத்துக்குச் சக்கரம் ஒரு பக்கம் சாய, செயின் மறுபக்கம் இறங்கிவிடும்.

கியர் சைக்கிளில் பின்னால் செயின் சின்னப் பல்லையும் தாண்டி வெளியே விழுந்தால், பின் கியர் மாற்றியிலுள்ள 'எச்' (H) திருகாணியையும், சில்லுக் கம்பிக்குள் விழுந்தால் 'எல்' (L) திருகாணியையும் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது ஆபத்தானது, கம்பியை முறித்துவிடும். அழுத்தி மிதித்தபடி கியர் மாற்றுவதும் கூடாது.

பின் அச்சு பின்னுக்கு இழுபட இடமில்லாமல், அது பூட்டியிருக்கும் சட்டக் காடியின் முடிவுக்கு வந்த பிறகே கண்ணி வெட்டலாம். அகலக் கண்ணியும் ஒடுக்கக் கண்ணியும் சேர்ந்த சோடியாக, ஓர் அங்குலம் கழற்ற வேண்டும். தேய்ந்த செயினில் அதுவும் வீண். திரும்பப் பூட்டும்போது பூட்டுக் கண்ணிக் கிளிப்பின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கட்டும்.

சைக்கிள் திருத்துநர்,
கொக்குவில்.