முதலைக்கு நெருங்கிய உறவு யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதலாண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கான பரிணாமம், பல்லுயிர்ப் பெருக்கம் பாடம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன் என்பதால் சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் கட்டுரைக்கு மேலே போட்டிருந்த படம் மனதை உறுத்தியது. கூனிக் குறுகிய குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகிற வரிசைப் படம். மாணவர்கள் மனதிலிருந்து எதை அழிக்க முதல் நாளிலிருந்தே பாடுபடுகிறோமோ, அதே படம்.

முதல் வகுப்பில் கரும்பலகையில் உயிர்களின் உறவைக் காட்டும் ஒரு சின்ன மரம் வரைவேன். கிளை நுனிகளில் இடமிருந்து வலமாகத் தவளை, பல்லி, முதலை, புறா, மனிதன். "முதலைக்கு நெருங்கிய உறவு யார்?" என்று கேட்டால் வகுப்பே "பல்லி" என்று சொல்லும். தோலைப் பார், வாலைப் பார், வேறென்ன வேண்டும்? சரி, யாராவது ஒருவர் வந்து விரலால் காட்டுங்கள் என்பேன். கிளைகள் பிரியும் ஒவ்வொரு கவையும் ஒரு பொது மூதாதை. முதலையின் நுனியில் விரலை வைத்துக் கீழே இறங்கினால் முதலில் வரும் கவையில் புறாவின் கிளை வந்து சேரும். பல்லியைச் சந்திக்க இன்னும் கீழே இறங்க வேண்டும். விரல் அந்தக் கவையில் நின்றதும் வகுப்பில் ஒரு அமைதி வரும். அந்த அமைதிக்காகவே ஒவ்வொரு வருடமும் காத்திருக்கிறேன்.

அப்புறம்தான் சான்றுகளைச் சொல்ல ஆரம்பிப்பேன். முதலைக்கும் பறவையைப் போல நான்கு அறை இதயம். கூடு கட்டி முட்டைகளுக்குக் காவல் இருக்கிறது. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் தாய் வந்து கூட்டைத் தோண்டி விடுகிறது. தனித்தனியாகப் படித்தால் இவை வெறும் தகவல்கள். மரத்தைப் பார்த்த பிறகு ஒரே குடும்பத்துக் கதை.

அடுத்த வகுப்புக்கு அதே மரத்தைக் கம்பியில் செய்து கொண்டு போவேன். தவளையின் கிளை பிரிந்த இடத்துக்கு அடுத்து மேலே வரும் கவையைப் பிடித்து அரைச் சுற்று திருப்பினால், மனிதன் தவளைக்குப் பக்கத்தில் வந்து நிற்பான், பல்லி வலது ஓரத்துக்குப் போய்விடும். யாருக்கு யார் உறவு என்பதில் ஒன்றும் மாறாது. ஓரத்தில் நிற்பவர்தான் உச்சம் என்ற எண்ணம் நூறு வாக்கியத்தில் போகாதது, இந்த ஒரு திருப்பலில் போய்விடுகிறது.

என் ஆதங்கம் இதுதான். பாடத்தின் பெயரில் பரிணாமமும் பல்லுயிரும் சேர்ந்தே இருக்கின்றன. பல இடங்களில் நடத்துவதோ இரண்டு தனிப் பாடங்களாக. முதல் சில வாரங்கள் டார்வின், இயற்கைத் தேர்வு. பிறகு அதை மூடி வைத்துவிட்டு, கடற்பஞ்சு போன்ற துளையுடலிகளில் தொடங்கிப் புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகள் என்று பாலூட்டிகள் வரை ஒரு நீண்ட பட்டியல். அந்த வரிசையே மாணவருக்கு ஓர் ஏணியைக் கற்றுக் கொடுத்துவிடுகிறது. இன்றைக்குக் கடலில் இருக்கும் கடற்பஞ்சும் நம்மைப் போலவே அத்தனை கோடி ஆண்டுகள் பரிணமித்து வந்த உயிர்தான். அது நமக்கு முந்தைய படி அல்ல.

பரிணாமத்துக்கு இலக்கு எதுவும் இல்லை என்பதற்குக் பசிபிக் கடலின் கலாபகசு தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னே மேஜர் தீவை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. உயிரியலாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து அலகை அளந்து வந்தார்கள். 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே மிஞ்சின. தடித்த அலகுள்ளவை அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. 1983இல் பெருமழை. சிறு விதைகள் பெருகின, சாதகம் சிறிய அலகின் பக்கம் திரும்பியது. எந்த அலகு சிறந்தது என்று தேர்வில் கேட்டால் "எந்த வருடத்தில்?" என்று திருப்பிக் கேட்கும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

சிலபஸை முடிக்க வேண்டும், பெயர்கள் தெரியாமல் மேற்படிப்புக்கு எப்படிப் போவார்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெயர்களை விடச் சொல்லவில்லை. கிளையில் தொங்கவிட்ட பெயர் மறப்பதில்லை என்பது என் அனுபவம். மாற வேண்டியது வினாத்தாள். "முட்தோலிகளின் பொதுப் பண்புகளை எழுதுக" என்பதற்குப் பதிலாக ஒரு மரத்தைக் கொடுத்து, நட்சத்திர மீன் நண்டுக்கு நெருக்கமா, நமக்கு நெருக்கமா என்று கேட்கலாம். நமக்குத்தான். கரு வளரும் விதமும் மரபணுக்களும் அதையே காட்டுகின்றன. காளான் செடிகளை விட விலங்குகளுக்கு நெருங்கியது என்பதையும் இப்படியே கேட்கலாம்.

டார்வின் தன் குறிப்பேட்டில் அந்த முதல் மரத்தைக் கிறுக்கியது 1837இல். அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வெளிவர 22 ஆண்டுகள் இருந்தபோதே அவருக்குப் படம் தெளிவாகிவிட்டது. நாமும் மாணவருக்கு முதலில் படத்தைக் கொடுத்துவிடலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு வரிசைப் படத்துக்குப் பதிலாக ஒரு மரத்தைப் போடுங்கள். மனிதனைத் தவளைக்குப் பக்கத்தில் வையுங்கள். வலது ஓரத்தில் பல்லி இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு விலங்கியல் ஆசிரியர்