குசினிக் கூரையில் கை வைக்க விடாதீர்கள்

கல்கரி, தை மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. பரீட்சை என்று சொல்லித் தப்பலாம். பரீட்சை முடிந்தே பத்து நாளாகிறது.

நான் என்னதான் படிக்கிறேன் என்று பெரியம்மா கேட்டாவாம். சிகரெட்டைத் தொடாதவர்களுக்கும் நுரையீரலில் புற்றுநோய் ஏன் வருகிறது என்பதைத்தான். இங்கே மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து றேடன் என்ற வாயு கிளம்புகிறது. நிறமில்லை, மணமில்லை. குளிருக்கு யன்னலெல்லாம் பூட்டியிருக்க, சூடான காற்று மேலே ஏறும். அந்த இடத்துக்கு நிலத்திலிருந்து றேடன் நுழையும். இந்த நாட்டில் சிகரெட்டுக்கு அடுத்த காரணம் இதுதான். வீடு வீடாக அதை அளக்கிற சின்ன டப்பி வைத்து, மூன்று மாதம் கழித்து எடுக்கிறோம்.

மேல்வீட்டுக் கிழவர் மட்டும் வைக்க விடுகிறார் இல்லை. நாற்பது வருஷமாக இந்தக் காற்றுத்தானே என்கிறார். ஆனால் பனி வழிக்கும்போது என் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவார், நல்ல மனிசன். டப்பியை என் அறையிலேயே வைத்தேன். ஓம், நிலவறைதான். வாடகைக்காக இல்லை, கதகதப்பாக இருக்கும். றேடனின் அளவு ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கரலை (கதிர்வீச்சை அளக்கிற அலகு) தாண்டினால் வீட்டைத் திருத்தச் சொல்வார்கள். யோசிக்காதேங்கோ.

போன கிழமை உறைந்த பாரை வாங்கிச் சொதி வைத்தேன். மணம் வந்தது, ருசி வரவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன். விடிய ஆறு மணிக்கு உப்புவெளியில் வலை இழுப்பார்களே, அப்போது இங்கே பின்னேரம் ஐந்தரை, இருட்டிவிடும். அந்த நேரத்தில்தான் ஒன்றும் செய்ய ஓடாது.

சரி, கூரை விஷயம். அஸ்பெஸ்டஸ் சீற்றைத் தம்பி தானே உடைத்து இறக்கப் போகிறானாம். விடாதீர்கள். உடையாத சீற்று சும்மா கிடக்கும். அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கிற தூள்தான் நெஞ்சுக்குள் போய், இருபது முப்பது வருஷம் கழித்து வேலையைக் காட்டும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் தெரிந்த ஆளைப் பிடியுங்கள். நன்றாக நனைத்து முழுசாக இறக்கட்டும். தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டு கோழிக்கூட்டுக்கும் வேண்டாம்.

காஸ் அடுப்புக்கு அனுப்பிய காசு தங்கச்சியின் ரியூசனுக்குப் போனது தெரியும், பரவாயில்லை. இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும். வங்கியில் ஏதோ சுணக்கம். அதுவரை விறகடுப்புப் பக்கம் கடலைப் பார்த்து ஒரு யன்னல் வெட்டுங்கள், மாமா சிமெந்து கடனுக்குத் தருவார். விறகுப் புகையையும் புற்றுநோய் தரக்கூடியவற்றோடுதான் சேர்த்திருக்கிறார்கள்.

அம்மம்மாவுக்கு இருமல் இரவிலா, விடியவா? சளியில் இரத்தம் ஏதும்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகள்