ஸ்கூலோட நின்னு போற பந்து

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவுல பெண்கள் கால்பந்து கிளப்புங்க, தொழில்முறை டீமுக்குப் போறதுக்கு முந்தி பிள்ளைகளை வளர்க்கவே தனி டீம் நடத்துறதைப் பத்தி ஞாயிறு இதழ்ல வாசிச்சேன், 2022ல தொடங்கின யூஎஸ்எல் டபிள்யூ லீக்ங்கிற பெண்கள் கால்பந்துத் தொடர்ல காலேஜ் பிள்ளைங்க படிப்பை விடாமலே ஆடுறாங்க, அந்த நடுப்படிதான் நம்ம மலையகத்துல இல்ல.

எங்க அக்கா மக ஸ்கூல் டீம் கோல் கீப்பர், சரிவான தோட்டத்து கிரவுண்ட்ல, தேயிலைக்குள்ள உருண்ட பந்தை ஓடி ஓடி எடுத்து விளையாடிப் பழகினவ, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிஞ்ச அடுத்த மாசமே கொழும்புக்கு கார்மண்ட்ஸ் வேலைக்குப் போயிட்டா, அவ கிளவுஸ் இன்னும் லயத்து ஜன்னல் கம்பியிலதான் தொங்குது, பார்க்கவே மனசு கேக்கல. ஹட்டன்லயோ நுவரெலியாவுலயோ 17லருந்து 21 வயசு வரைக்கும் ஒரு டீம், சனி ஞாயிறு பயிற்சி, பஸ் காசு, முடிஞ்சா ஒரு பொம்பள கோச், இதை விளையாட்டு அதிகாரிங்க இந்த வருஷமே தொடங்கணும்.

- தோட்டத்து வாசகி, ஹட்டன்