ஜேன் கோல்டனுக்கு ஒரு வரிகூட இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஆரம்பகாலத் தாவரவியலாளர்களைப் பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஜான் பார்ட்ரம் 1728-இல் பிலடெல்பியா பக்கம் தோட்டம் போட்டதும், 1765-இல் மகன் வில்லியமோடு ஆல்டமகா ஆற்றங்கரையில் பிராங்க்ளினியா மரத்தைக் கண்டதும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் அதே பார்ட்ரம் 1753-இல் மகனைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கிய வீட்டில் ஒரு பெண் இருந்தார், பிற்பாடு பார்ட்ரமோடு கடிதம் எழுதி விதை மாற்றிக்கொண்டார், அமெரிக்காவின் முதல் பெண் தாவரவியலாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் பெயர் ஜேன் கோல்டன். கட்டுரையில் எங்கே தேடியும் காணோம்.

ஜேன் 1724-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹட்சன் பள்ளத்தாக்கில், நியூபர்க் ஊருக்கு மேற்கே, கோல்டன்ஹாம் என்ற பண்ணையில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை, லத்தீனும் தெரியாது. அந்தக் காலத்தில் லத்தீன் இல்லாமல் தாவரவியல் பக்கம் எட்டிப்பார்க்கவே முடியாது. அப்பா கேட்வாலடர் கோல்டன், ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளை வகைப்படுத்திய முறையை மகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். பெண்களுக்கு உடையின் அழகிலும் வகையிலும் ஆசை இருப்பதால் தாவரவியல் அவர்களுக்குப் பொருந்தும் என்று 1755-இல் ஒரு நண்பருக்கு எழுதியவரும் அதே அப்பாதான். படிக்கும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது, ஆனாலும் மகளுக்காக உட்கார்ந்து மொழிபெயர்த்த அப்பாக்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

ஹட்சன் பள்ளத்தாக்கின் 340 செடிகளை ஜேன் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். இலையில் அச்சு மை தடவி, சின்ன உருளை அச்சில் வைத்து அழுத்திப் பதிவும் எடுத்தார். அவர் வரைந்த படங்கள் பெரும்பாலும் வெறும் இலையின் கோட்டுருவம்தான், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துதான் விஷயம். கிளெமாட்டிஸ் கொடிகளில் சிலவற்றில் ஆண் பூ மட்டுமே பூக்கிறது, சந்தேகத்துக்கே இடமில்லாதபடி கவனித்துவிட்டேன் என்று எழுதுகிறார். செனிகா வேர் என்ற செடியின் பூவை அவரைப் பூ, பட்டாணிப் பூ மாதிரி என்று லின்னேயஸ் வகைப்படுத்தியிருந்தார், அதன் புல்லி இதழ் இரண்டைச் சிறகு, அதாவது பட்டாணிப் பூவின் பக்கவாட்டு இதழ், என்றார். அவை விதை முற்றும்வரை உதிராமல் நிற்பதைப் பார்த்த ஜேன், இந்த இடத்தில் அவரிடமிருந்து மாறுபட அனுமதி வேண்டும் என்று எழுதிவைத்தார். ஐரோப்பாவே தலையில் வைத்துக் கொண்டாடிய ஆளை, பண்ணை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பூவைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு மறுத்திருக்கிறார்! எந்தச் செடியைக் கிராமத்து மக்கள் காய்ச்சலுக்குத் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள், எந்த வேரை வயிற்றுவலிக்குக் கொடுக்கும் வழக்கம் கனடாப் பழங்குடி ஒருவரிடமிருந்து வந்தது என்பதும் அந்தக் குறிப்புகளில் உண்டு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய குளத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்குமே செருப்படை, இலை சுருக்கம் சுருக்கமாக, ஓரம் பல் பல்லாக, வெள்ளை மயிர் படிந்து, அதன் அறிவியல் பெயர் கோல்டேனியா புரோகம்பென்ஸ். லின்னேயஸ் வைத்த பெயர், ஜேனின் அப்பாவைக் கௌரவிக்க. முப்பது வருஷம் மாணவிகளுக்கு அதைப் பிடுங்கி வேரோடு காட்டியிருக்கிறேன். கோல்டன் என்றால் யார் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மகளுக்கும் அப்படி ஒரு பெயர் கிடைத்திருக்க வேண்டியது. பொன் கம்பி மாதிரி மெல்லிய மஞ்சள் வேர் ஓடும் ஒரு சிறு செடியை ஜேன் விவரித்திருந்தார். 1758-இல் லண்டனிலிருந்து இயற்கையியலாளர் ஜான் எல்லிஸ் லின்னேயஸுக்கு எழுதினார்: அப்பா பெயரில் கோல்டேனியா இருக்கிறது, இதற்குக் கோல்டனெல்லா என்று பெயர் வைக்கலாமே என்று. லின்னேயஸ் வைக்கவில்லை. இன்று அந்தச் செடிக்குப் பெயர் காப்டிஸ். ஜேனே நண்பர் அலெக்சாண்டர் கார்டனின் பெயரை இன்னொரு செடிக்குக் கொடுத்துப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. கார்டீனியா என்ற பெயர் வேறொரு செடிக்குப் போய்விட்டது, கொடுத்தவர் இதே எல்லிஸ்.

1759-இல் வில்லியம் ஃபார்குவர் என்ற மருத்துவரோடு கல்யாணம். அதற்கப்புறம் ஜேன் எழுதிய செடிக்குறிப்பு என்று எதுவும் கிடைக்கவில்லை. 1766-இல், 41 வயதில் இறந்துபோனார், அவருடைய ஒரே குழந்தையும் அதே வருஷம். கையெழுத்துப் பிரதி அமெரிக்கச் சுதந்திரப் போர் சமயத்தில் ஜெர்மன் படையோடு வந்திருந்த ஒரு காட்டியல் அறிஞரின் கைக்குப் போய், ஜெர்மனியைச் சுற்றி, ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸ் வழியாக லண்டன் சேர்ந்தது. இப்போது அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி, 57 செடிகள் மட்டும், 1963-இல்தான் அச்சில் வந்தது. எழுதி இருநூறு வருஷம் கழித்து!

அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், ஜேன் செய்த பாலாடைக்கட்டி போல அமெரிக்காவில் வேறெங்கும் சாப்பிட்டதில்லை என்று எழுதிவைத்தார். ஜேனைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். தயவுசெய்து நீங்கள் அப்படித் தொடங்காதீர்கள். அடுத்த இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும், பக்கத்தில் செருப்படைப் படம் ஒன்றும் போடுங்கள். படம் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் தை மாதம் முடிந்ததும் நிறையக் கிடக்கும், எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
மன்னார்குடி